மாமனாரின் கனம்

"என்னைக் கீழ போட்டுட மாட்டியேம்மா?" என்று ஒரு கிழவர் ஒருமுறை அவளிடம் கேட்டார்.

அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. ஆம்புலன்ஸில் உதவியாளாகச் சேர்ந்த புதிது. இடுப்பெலும்பு முறிந்து மேல்மாடியில் கிடந்த கிழவரைத் தூக்கு நாற்காலியில் உட்கார வைத்துப் பட்டைகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய ஒல்லிக் கைகளை ஒருதரம் பார்த்தார், படிக்கட்டை ஒருதரம் பார்த்தார், பிறகுதான் அப்படிக் கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போட்டா நானும் உங்ககூடவேதான் விழுவேன் பெரியவரே. தனியா விட மாட்டேன், பயப்படாம உக்காருங்க" என்றாள். கீழே கொண்டுவந்து இறக்கிய பிறகும் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற உடம்பாக இருந்தது அது.

இரண்டு பிள்ளை பெற்ற பிறகு அந்தக் கேள்வி திரும்பி வந்தது. படியேறும்போது வந்தது. தும்மல் வரும்போது தொடையை இறுக்கிக்கொண்டு நிற்கிறபோது வந்தது. போன மாதம் உடல்தகுதித் தேர்வில், பாதிப் படியில், அவள் விரல்கள் தானாகத் திறந்துகொண்டபோது காதுக்குள்ளேயே வந்து கேட்டது.

தேர்வு பெரிய விஷயமில்லை. வண்டிகள் நிற்கிற கொட்டகைக்குப் பின்னால் இரும்புப் படிக்கட்டு ஒன்று உண்டு. ஆண்டுக்கொரு முறை ஒவ்வொருவரும் அதில் ஒரு பொம்மையை நாற்காலியில் வைத்துத் துணையாளோடு இறக்க வேண்டும். தேர்வுக்கு வந்தவர்தான் கீழ்ப்பக்கம் பிடிக்க வேண்டும். கனமெல்லாம் கீழ்ப்பக்கத்துக்குத்தான் வரும். பழைய சீருடைக்குள் மணல்பைகளை அடைத்து, முதுகில் ஒரு ஜிப் வைத்துத் தைத்த பொம்மை அது. தலைக்குப் பஞ்சு திணித்த தலையணை உறை. எத்தனையோ பேருடைய வியர்வை அதில் ஊறிக் காய்ந்து, காய்ந்து ஊறி, கக்கத்தில் பச்சையாய்ப் பூசணம் பூத்திருந்தது. மழைக்காலத்தில் செத்த எலியின் வாடை அடிக்கும். அதற்கு மாமனார் என்று பெயர்.

"உக்கார வச்சா எந்திரிக்க மாட்டாரு, தூக்குனா ஒத்தாசை பண்ண மாட்டாரு, கிட்டப் போனா நாறுவாரு. வேற என்ன பேரு வைக்கிறது?" என்பார் அவளுடைய வண்டியின் ஓட்டுநர். அவரை அவள் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த மாமனாரைத்தான் அவள் பாதிப் படியில் விட்டாள். பொம்மை நாற்காலியோடு சாய்ந்து அவள் தோளில் விழுந்தது, அந்தப் பூசணக் கக்கம் அவள் வாய்மேல் வந்து அப்பியது. அதுகூடப் பெரிதில்லை. கால்சட்டைக்குள் சூடாக இறங்கியதுதான் பெரிது. நல்லவேளை, சீருடை கருநீலம். மேற்பார்வையாளர் கண்ணாடியை மூக்கின்மேல் தள்ளிவிட்டுக்கொண்டு, "பரவால்லம்மா, அடுத்த மாசம் இன்னொரு வாய்ப்பு தர்றேன். அப்பவும் முடியலைன்னா வண்டி கழுவுற பிரிவுக்கு மாத்துறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல" என்றார். அவர் நல்ல மனிதர். அதனாலேயே அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை.

வண்டி கழுவுகிற பிரிவு என்றால் நிரந்தர இரவு வேலை. அடுத்தவர் ரத்தத்தையும் வாந்தியையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். அதற்கு அவள் அஞ்சவில்லை. இரவில் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்பதில்தான் எல்லாம் வந்து நின்றது. பகலில் கீழ்வீட்டுத் தையல்காரி பார்த்துக்கொள்வாள். இரவில் புருஷன் பார்ப்பான் என்று சொல்லலாம்தான். சொன்னால் சொன்னவள் வாய்தான் வலிக்கும்.

அவன் பெயிண்ட் கடையில் நிறம் கலக்கிக் கொடுக்கிறவன். கெட்டவனில்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். அவன் அப்பா நாற்பது வயதைத் தாண்டவில்லை. ஒருநாள் செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே போய்விட்டார். பெரியவள் பிறந்த வருடம் இவனுக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதும் பயம் பிடித்துக்கொண்டது. ஜிம்மில் சேர்ந்தான். பயம் போய், பிறகு அழகு வந்தது. பிறகு அந்த அழகைப் பார்க்க ஒரு கண்ணாடி வந்தது, கண்ணாடி முன்னால் படம் எடுக்க ஒரு செல்போன் வந்தது. இப்போது காலையில் ஒரு தடவை, கடை முடிந்து ஒரு தடவை. கேட்டால், "எல்லாம் புள்ளைங்களுக்காகத்தானே? நான் நல்லா இருந்தாத்தானே அதுங்க நல்லா இருக்கும்?" என்பான். புள்ளைங்களுக்காக என்கிற அந்த நேரத்தில் புள்ளைங்கள் இருப்பது அவள் இடுப்பில்.

காலை வேளையில் அந்த வீட்டைப் பார்த்தவர்களுக்குச் சாப்பாட்டு ஆசையே போய்விடும். இருப்பது ஒரே அறை, அதோடு ஒட்டிய சமையலிடம். சின்னவன் முந்தின நாள் துப்பிய ரொட்டி தரையில் கல்லாய் ஒட்டியிருக்கும். ஈரத் துணி காயாமல் புளித்து வாடை வீசும். நாற்காலி முதுகில் ஜிம் பனியன் தொங்கும், அதன் முதுகில் உப்பு வரைந்த வெள்ளைக் கோடுகள். பெரியவள் பாதி முட்டையைத் தின்றுவிட்டு மஞ்சள் கருவை விரலால் தட்டில் தேய்த்து வைப்பாள். சின்னவன் சோற்றை வாயில் வைத்து, சப்பி, பிடிக்காமல் திரும்பத் தட்டிலேயே உமிழ்வான். அவள் நின்றபடியே அதையெல்லாம் வழித்துத் தன் வாயில் போட்டுக்கொள்வாள். தனக்கென்று தட்டு வைத்து உட்காருவதை எப்போதோ விட்டுவிட்டாள். வீணாகக் கூடாது என்று தொடங்கிய பழக்கம். பல நாள் என்ன தின்றோம் என்பதே தெரியாது. வழவழவென்று, எச்சில் குளிர்ந்த எதுவோ தொண்டையில் இறங்கும். இந்த வீட்டில் குப்பைக்கூடை ஒன்று கூடுதலாய் இருக்கிறது, அதற்கு இரண்டு காலும் முளைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

எல்லாவற்றிலும் மோசம் அந்த பாட்டில்தான். சத்துப்பொடியைப் பாலில் போட்டுக் குலுக்கிக் குடிக்கிற, மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டில். அவன் குடித்துவிட்டு மூடியை இறுக்கி மூடி, பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டுப் போவான். கழுவுகிற கை எது என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை. அவள் மாலையில் வந்து திறந்தால் அடைபட்டிருந்த காற்று உஸ்ஸென்று வெளியே வரும். பிள்ளை கக்கிய பாலும் கக்கூசும் சேர்ந்த நாற்றம். ஆம்புலன்ஸில் ஆறாத காயங்களையும் அழுகிப்போன காயங்களையும் மூக்கைச் சுளிக்காமல் துடைக்கிறவள், அந்த பாட்டிலைத் திறக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

முதல் தேர்வில் தோற்ற அன்று மாலை அவனிடம் சொன்னாள்.

"ஏங்க, காலையில ஒருநாள் விட்டு ஒருநாள் நான் போறேன். நீங்க புள்ளைங்களப் பாத்துக்குங்க. ஒரு மணி நேரம் போதும். படி ஏறி இறங்கணும், கொஞ்சம் கனம் தூக்கணும்."

அவன் கண்ணாடி முன்னால் நின்று கையை மடக்கி, புஜத்தை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். "உனக்கெதுக்கு? நாள் பூரா ஓடிக்கிட்டுத்தானே இருக்கே? அதைவிட எக்சர்சைஸ் வேணுமா?"

"ஓடுறதுல உடம்பு தேயுதே தவிர ஏறலையே."

"மனசு வச்சா வீட்டுக்குள்ளேயே செய்யலாம். இரு, உனக்கு ஒண்ணு அனுப்புறேன்."

அனுப்பினான். அந்த வீடியோவில் ஒரு தாய், பளிங்குத் தரை, நடுவில் ஒரு மெத்தை. குழந்தையை எடைக்கல்லாய்த் தூக்கித் தூக்கி இறக்கினாள். குழந்தை கலகலவென்று சிரித்தது. அந்தக் கூடத்தில் ஒரு பொம்மைகூடத் தரையில் கிடக்கவில்லை.

மறுநாள் சாயந்தரம் அவளும் படுத்துப் பார்த்தாள். சின்னவனை நெஞ்சுக்குமேல் தூக்கினாள். அவனும் சிரித்தான். மறுபடி தூக்கினாள், இன்னும் சிரித்தான். மூன்றாவது தரம் தூக்கியபோது, குடித்த பாலை முழுவதும் அவள் முகத்தில் கக்கினான். கண்ணிலும் மூக்கிலும் இறங்கியது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையிலும் பிள்ளை. அந்த நேரம் பார்த்துப் பெரியவள் ஓடிவந்து, "நானும் குதிரை ஏறுறேன்" என்று அவள் வயிற்றில் தொம்மென்று உட்கார்ந்தாள். கீழே இறங்கக் கூடாதது இறங்கியது.

"அம்மா, நீ உச்சா போயிட்டே!" என்றாள் பெரியவள். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு. "தம்பி மாதிரியே! நீ பெரிய பொண்ணுதானே, சொல்லணும்தானே? நான் சொல்றேன்ல?"

"ஆமாடி. சொல்லணும்" என்றாள் அவள். முகத்தில் பால் வழிந்தபடியே தரையில் கிடந்தாள். எழுந்திருக்கவே தோன்றவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது பெரியவள் அதை அப்பாவிடமும் சொல்லிவிட்டாள். அவன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். "சே, சாப்பிடுற நேரத்துல" என்றான். அவ்வளவுதான். தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தான். அவன் தள்ளி வைத்த தட்டில் மிச்சமிருந்ததை, வழக்கம்போல, அவள்தான் தின்றாள்.

அதற்குப் பிறகு அவளாக ஒரு வழி பிடித்தாள். மாலையில் சின்னவனை இடுப்பிலும் காய்கறிப் பையைக் கையிலுமாக, தன் மாடியோடு நிற்காமல், மொட்டைமாடிவரை ஏறி இறங்கினாள். பெரியவள் பின்னாலேயே ஏறுவாள், நடுவில் உட்கார்ந்துகொண்டு தூக்கச் சொல்லி அழுவாள், அவளையும் தூக்குவாள். பல நாள் நடக்காது. ஒருவனுக்குச் சளி என்றால் மறுநாள் மற்றவளுக்கு. ஆனாலும் கைக்கு ஒரு கணக்குப் புரிந்தது. விழித்திருக்கிற பிள்ளை பாதிக் கனத்தைத் தானே சுமக்கும். தூங்கிவிட்டால் அத்தனையும் நம்மேல்தான். மனிதரும் அப்படித்தான். மயங்கிக் கிடப்பவர் கல்லாய்க் கனப்பார், பேசுகிறவர் லேசு.

இரண்டாம் தேர்வு நாள் வந்தது. அன்றைக்கென்று தையல்காரிக்குக் காய்ச்சல். முந்தின நாளே அவனிடம், "நாளைக்குக் காலையில மட்டும் நீங்க புள்ளைங்களோட இருங்க. எனக்குப் பொழைப்பே அதுலதான் இருக்கு" என்று சொல்லி வைத்திருந்தாள். சரி என்று தலையாட்டியிருந்தான். விடிந்து பார்த்தால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறான்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"இன்னிக்கு ஜிம்முல கால் நாளு, காலுக்கு மட்டும் பயிற்சி. விட்டா அடுத்த வாரம்தான். சீக்கிரம் வந்துடுறேன்."

"கால் நாளா? எனக்கு முழு நாளும் கால்லதான் நிக்குது. நேத்து தலையாட்டுனீங்களே, அது என்ன, தலை நாளா?"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சின்னவன் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, தொட்டியில் பாட்டிலை வைத்துவிட்டுப் போனான். அவள் வாசலைப் பார்த்தபடி நின்றாள். நேரம் போயிற்று. ஆள் வரவில்லை. இரண்டையும் கிளப்பிக்கொண்டு அவளே ஓடினாள்.

அவளையும் இரண்டு வால்களையும் பார்த்ததும் ஓட்டுநர் அண்ணன் ஓடி வந்தார். வண்டியின் பின்கதவைத் திறந்து பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்தார். "ஒண்ணையும் தொடக் கூடாது. தொட்டா ஊசி" என்றார். பிறகு அவளிடம் குனிந்து, "பயப்படாத தங்கச்சி. நான்தான் மேல்பக்கம் பிடிக்கிறேன்" என்றார்.

மேற்பார்வையாளர் அட்டையும் பேனாவுமாய்ப் படிக்கட்டின் கீழே நின்றார். மேலே நாற்காலியில் மாமனார் காத்திருந்தார். அவள் குனிந்து கீழ்ப்பிடியைப் பற்றினாள். அந்த வாடை வந்தது. வயிற்றை எக்கி, அடிவயிற்றை இறுக்கி, மூச்சை விட்டுக்கொண்டே தூக்கினாள்.

தூக்கிய நொடியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

லேசு. சீருடை உப்பித்தான் இருந்தது, தொடையும் முண்டமும் அப்படியேதான் இருந்தன. ஆனால் கைக்குத் தெரிகிறது. தூங்குகிற பிள்ளையாய்க் கனக்க வேண்டியது விழித்திருக்கிற பிள்ளையாய் எழும்புகிறது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். மேல்பக்கம் அண்ணன் முகத்தை வானத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, பெருங்கனத்தைத் தூக்குகிறவர்போல் பல்லைக் கடித்து, கழுத்து நரம்பெல்லாம் புடைக்கக் கூத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அண்ணன் வேலை போகும். சொல்லாவிட்டால் அவள் வேலை நிலைக்கும். அவள் படியிறங்கினாள். கொட்டகையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். வண்டிக்குள்ளிருந்து பெரியவளும் தட்டினாள், என்னவென்றே தெரியாமல். "பாத்தியாம்மா, மனசு வச்சா முடியுதுல்ல?" என்றார் மேற்பார்வையாளர், முகமெல்லாம் பல்லாக. புருஷன் சொன்ன அதே வார்த்தை. அவள் வாயில் எச்சில் ஊறிக் கசந்தது. பிள்ளை உமிழ்ந்த சோற்றை விழுங்குகிறபோது ஊறும், அதே எச்சில்.

ஆள் நகர்ந்ததும் அண்ணனிடம் போனாள்.

"எப்ப எடுத்தீங்க?"

"எதை?"

"அண்ணே."

அவர் தலையைச் சொறிந்தார். "மாமனாரு ரெண்டு நாளா விரதம். வயசாச்சுல்ல, வயித்துக்கு ஒத்துக்கல. இப்போதைக்குப் பஞ்சுதான் திங்கிறாரு."

"நான் கேட்டேனா?"

"கேட்டாத்தான் செய்யணுமா? எல்லாருக்கும் செஞ்சிருக்கோம். மூட்டு வலின்னு போன வருசம் ஒருத்தனுக்கு, குடல் ஆபரேசன்னு அதுக்கு முன்னாடி ஒருத்தனுக்கு. ரெண்டு புள்ளைய வச்சுக்கிட்டு அல்லாடுற, உனக்குச் செய்யக் கூடாதா? பொம்மைதானே, அதுக்கென்ன வலிக்கவா போவுது?"

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அன்பாகத்தான் செய்திருக்கிறார். அதுதான் குமட்டியது. அவளால் முடிந்திருக்குமா என்பது இனி யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது.

அவள் புருஷன் மத்தியானத்துக்கு முன்னால் வந்து பிள்ளைகளை அழைத்துப்போனான். "பாஸா? நான் சொன்னேன்ல!" என்றான். அவன் நடையில் கால் வலி தெரிந்தது, அதோடு ஒரு பெருமையும் தெரிந்தது.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது. மளிகைக்கடைக்காரர் ஒருவருக்கு நெஞ்சுவலி. வீடு மேல்மாடியில், கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. ஆள் பருமன். நாற்காலியில் உட்கார வைத்ததும் இரண்டு பக்கமும் சதை வழிந்து பட்டைகளை மூடியது. கழுத்து மடிப்பில் வியர்வை நின்றது. அவர் வாந்தி எடுத்திருந்தார். அது சட்டையில் காய்ந்து நாறியது. அவர் மனைவி ஒரு கையில் அவருடைய செருப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

"நான் கீழ்ப்பக்கம் பிடிக்கிறேன் தங்கச்சி" என்றார் அண்ணன்.

"வேண்டாம்."

"சொன்னாக் கேளு."

"பாஸ் பண்ணிருக்கேன்ல?" என்றாள்.

முதல் படிகள் சரியாகத்தான் போயின. திருப்பத்தில் சுவர் நெருக்கியது. அவள் ஒரு காலைக் கீழே வைத்து, மறு காலைத் தேடியபோது மொத்தக் கனமும் அவள் வயிற்றில் இறங்கியது. அடிவயிற்றின் இறுக்கம் விட்டது. சூடாக நனைந்தது. அந்த ஒரு கணம் புத்தி அங்கே போயிற்று, விரல் இங்கே நழுவியது. நாற்காலியின் கால் படியில் மோதி நின்றது, அவருடைய முழங்கை சுவரில் உரசிக்கொண்டு போனது. அண்ணன் மேலிருந்து இழுத்துப் பிடித்தார். அவள் நெஞ்சைக் கொடுத்துத் தாங்கினாள். விழவில்லை. முழங்கைத் தோல் மட்டும் உரிந்து, வெள்ளையாகத் தெரிந்து, பிறகு சிவந்தது.

அவர் கத்துவார் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கண்ணை மெல்லத் திறந்தார். அந்த மூச்சுத் திணறலிலும், "மன்னிச்சுக்கம்மா... ரொம்பக் கனக்கிறேன்ல?" என்றார்.

மருத்துவமனையில் அவரை உள்ளே கொடுத்துவிட்டு வெளியே வந்தவள், வண்டியின் பின்படியில் உட்கார்ந்தாள். நனைந்த துணி தொடையில் குளிர்ந்து ஒட்டியது. தன் வாடை தனக்கே வந்தது. அண்ணன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"அவருக்கு ஒண்ணும் ஆகல. டாக்டரு பாத்துக்கிட்டாரு. சிராய்ப்புதானே."

"அவரு எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாருண்ணே."

அண்ணன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாமனாரு வயித்துலேர்ந்து எடுத்தீங்களே, அந்த மணலு எங்க?"

"என் சீட்டுக்குப் பின்னால சாக்குல கிடக்கு. உள்ள போட்டுடவா? யாரும் பாக்காதப்போ போட்டுடுறேன்."

"அடுத்து வர்றவனுக்கும் லேசா வேணும்னு திரும்ப எடுப்பீங்க. இருக்கட்டும். எங்கிட்டக் குடுங்க. நான் கொண்டாந்து தர்றப்போ உள்ள போடுங்க."

"அதை வச்சு நீ என்ன பண்ணுவே?"

"தூக்குவேன்."

சாக்கைத் தோளில் வைத்துத்தான் அன்று வீடு திரும்பினாள். அதற்கும் மாமனாரின் வாடைதான். மாடி ஏறி, வாசல் மூலையில் செருப்புகளுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தாள். தொட்டியில் பாட்டில் இருந்தது. மூடி உப்பியிருந்தது. அவள் மற்றதையெல்லாம் கழுவினாள், அதை மட்டும் தொடவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்தாள். மிச்சத்தை வழித்துக் குப்பையில் போட்டாள். கை கூசியது, ஆனாலும் போட்டாள். பிறகு ஒரு தட்டை எடுத்துத் தனக்குச் சோறு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெரியவள் கிட்ட வந்து உற்றுப் பார்த்தாள். "அம்மா, நீயும் சாப்பிடுவியா?" என்றாள்.

காலையில் அவன் எழுந்தபோது அவள் ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். வேலைக்கு இன்னும் நேரமிருந்தது. அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே சமையலிடத்துக்குப் போய், பழக்கத்தில் தொட்டியிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினான். உஸ்ஸென்று ஒரு சத்தம்.

"அய்ய! என்ன கருமம் இது! கழுவலையா நீ?" மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தான். கையில் பாட்டில். பின்னால் அந்த நாற்றமும் கூடவே வந்தது. "வாந்தி வருதுடி. இதைப் போயி எப்படி... ஏய், உன்னத்தான். எங்க கிளம்புறே? நான் ஜிம்முக்குப் போகணும்."

சத்தத்தில் சின்னவன் விழித்துக்கொண்டான். பாயில் எழுந்து உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினான். அவன் நனைத்திருந்தது அவளுக்கு இங்கிருந்தே தெரிந்தது. பெரியவளும் தலையைத் தூக்கினாள்.

"அப்பா, தம்பி உச்சா போயிட்டான்."

"இரு, அம்மா பாத்துக்குவா. ஏய், சொல்லிட்டாவது போயேன். எப்ப வருவே?"

அவள் குனிந்து, வயிற்றை எக்கி, மூச்சை விட்டுக்கொண்டே சாக்கைத் தூக்கித் தோளில் வைத்தாள். சரியாக அமரும்வரை ஒருதரம் அசைத்துப் பார்த்தாள். சின்னவன் அழத் தொடங்கினான். புருஷன் ஒரு கையில் பாட்டிலும் மறுகையில் அதன் மூடியுமாக, எதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். அவள் கதவைத் திறந்து, மறுகையால் சாத்திக்கொண்டு, மொட்டைமாடிப் பக்கம் ஏறிப் போனாள்.